புயல் ஓய்ந்த மறுநாள்

(புதுச்சேரிக் கடற்கரைக் கிராமமான நல்லவாட்டில் மீனவ மக்களும் மாணவர்களும் கூடிய அவையில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



பனிச்சரிவில் சிக்கி இறக்கும் மலையேறிகளில் பலர் புயலுக்கு நடுவே மாட்டியவர்கள் அல்லர். புயல் ஓய்ந்து, வானம் கழுவிவிட்டதுபோல் வெளுத்து, வெயில் அடிக்கத் தொடங்கிய நாளில் கிளம்பியவர்கள். இரண்டு மூன்று நாள் கூடாரத்திலோ விடுதியிலோ அடைபட்டுக் கிடந்தபின், வெளியே வந்து பார்த்தால் யாருடைய காலும் படாத வெள்ளைச் சரிவு. மனம் துள்ளுகிறது. அந்த நாளைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

பனியே விழாத கடற்கரையில் இந்தப் பேச்சு எதற்கு என்று உங்களில் சிலருக்குத் தோன்றலாம். 2016 பிப்ரவரி 3ஆம் தேதி சியாச்சின் பனியாற்றில், ஏறத்தாழ 19,600 அடி உயரத்தில் இருந்த சோனம் ராணுவக் காவல் முகாமைப் பனி மூடியது. உள்ளே இருந்த பத்துப் பேரும் 19ஆம் மதராஸ் படைப்பிரிவைச் சேர்ந்தவர்களும் அவர்களுக்குத் துணையாக இருந்தவர்களும்தான். வேலூர், தேனி, மதுரை, கிருஷ்ணகிரி என்று நான்கு மாவட்டங்களில் நான்கு வீடுகளுக்குச் செய்தி போனது. கர்நாடகத்தின் ஹனுமந்தப்பா கொப்பத் மட்டும் ஆறு நாள் கழித்து, இருபத்தைந்து அடிக்கும் கீழே, உயிரோடு கிடைத்தார். டெல்லி ராணுவ மருத்துவமனையில் பிப்ரவரி 11 அன்று அவரும் இறந்தார். அங்கே சரிந்தது பெரிய பனிக்கட்டிச் சுவர். நான் இன்று விளக்கப்போகும் வகை அது அல்ல. ஆனாலும், இமயத்துப் பனி தமிழ்நாட்டுக்குச் சம்பந்தமில்லாத விஷயம் என்று சொல்ல அந்த நான்கு வீடுகளுக்குப் பிறகு நமக்கு உரிமை இல்லை. இன்று நம் பிள்ளைகள் ராணுவத்துக்கு மட்டும் போகவில்லை. குளிர்கால விடுமுறையில் உத்தராகண்டின் கேதார்கந்தா என்றும் காஷ்மீரின் குல்மர்க் என்றும் கூட்டம் கூட்டமாகப் போகிறார்கள்.

புயல் கொண்டுவந்த பாரம் புயலோடு போய்விடுவதில்லை. இதை நீங்களே பார்த்தீர்கள். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. ஒரே நாளில் புதுச்சேரியில் 48 சென்டிமீட்டர் மழை. அத்தோடு முடிந்தது என்று நினைத்தபோதுதான் மேற்கே பெய்த மழை சாத்தனூர் அணையை நிரப்பி, தென்பெண்ணையில் இறங்கி, பாகூர் பக்கத்துக் கிராமங்களைச் சூழ்ந்தது. திருவண்ணாமலையில் டிசம்பர் 1ஆம் தேதி மலைச்சரிவு ஊறிக் கழன்று ஒரு வீட்டின்மேல் விழுந்தது. குழந்தைகள் உட்பட ஏழு பேர் இறந்தார்கள். காற்று அடங்கிய பிறகும் சரிவின்மேல் ஏறிய கனம் இருந்துகொண்டேதான் இருக்கிறது. அதைத் தாங்க அடியில் உள்ளது போதுமா என்பதுதான் கேள்வி. பனிமலையிலும் கேள்வி அதுவேதான்.

இமயத்தின் குளிர்காலப் பனியைக் கொண்டுவருவது நம் வடகிழக்குப் பருவக்காற்று அல்ல. மத்தியதரைக் கடல் பக்கமிருந்து கிழக்கு நோக்கி நகரும் காற்றுச் சுழல்கள்தான். வானிலைத் துறையினர் வெஸ்டர்ன் டிஸ்டர்பன்ஸ் என்பார்கள். டிசம்பர் முதல் மார்ச் வரை ஒன்றன்பின் ஒன்றாக வரும். ஒவ்வொன்றும் மலைமேல் ஓர் அடுக்கை விரித்துவிட்டுப் போகும். தூரத்திலிருந்து பார்க்கிறவனுக்கு மலை முழுதும் ஒரே வெள்ளை. குழி தோண்டிப் பார்க்கிறவனுக்கு அந்தப் பருவத்தின் ஒவ்வொரு வாரமும் தனித்தனியாகத் தெரியும்: இது நவம்பரில் விழுந்தது, இது வெயிலில் உருகி இறுகியது, இது காற்று கொண்டுவந்து குவித்தது, இது நேற்று ராத்திரி.

ஆளைக் கொல்லும் சரிவு பெரும்பாலும் பலகை வகை. மேலே ஓரளவு இறுகி ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்ட பனிப்பலகை. அதற்குக் கீழே ஒட்டாத மெல்லிய ஓர் அடுக்கு. அதற்கும் கீழே வழுக்கும் படுகை. மூன்றும் ஒரு சரிவில் சேர்ந்து, மேலிருந்து கொஞ்சம் அழுத்தம் விழுந்தால் போதும், நடுவில் இருக்கிற பலவீன அடுக்கு நசுங்குகிறது. நசுங்கியது நின்ற இடத்தோடு நிற்காது. கண் இமைக்கும் நேரத்தில் சரிவு முழுதும் பரவும். பலகை அப்படியே அறுந்து, துண்டு துண்டாகக் கீழே வரும். அழுத்தம் எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் மனசு கனக்கும். உயிரிழப்பில் முடிந்த விபத்துகளில் பத்தில் ஒன்பதில், சரிவைக் கிளப்பியது சிக்கியவரோ அவரோடு போனவரோதான் என்று பல நாட்டு ஆய்வாளர்களும் சொல்கிறார்கள். மலை தானாக அவர்கள் மேல் விழவில்லை. அவர்கள் கால்தான் அதை இழுத்தது. இந்தச் செய்தி எனக்குத் துக்கத்தோடு கொஞ்சம் நம்பிக்கையும் தருகிறது. கால் வைக்காமல் இருந்திருக்கலாம் அல்லவா?

அந்தப் பலவீன அடுக்கு எப்படி உண்டாகிறது? மாணவர்கள் கவனமாகக் கேளுங்கள், இயற்பியல் இங்கேதான் இருக்கிறது. பனிக்கு அடியில் இருக்கும் தரை ஏறத்தாழ பூஜ்ஜியம் டிகிரியில் இருக்கும். மேற்பரப்போ, மேகமில்லாத இரவில், பூஜ்ஜியத்துக்குக் கீழே பதினைந்து, இருபது என்று இறங்கும். பனி ஆழமாக இருந்தால் இந்த வித்தியாசம் நீண்ட தூரத்துக்குப் பங்கிடப்படும். பனி அரை மீட்டர்தான் என்றால் வித்தியாசம் முழுவதும் அந்த அரை மீட்டருக்குள் அடங்க வேண்டும். பத்து சென்டிமீட்டருக்கு ஒரு டிகிரிக்கு மேல் மாறினால், கீழ்ப்பனி ஆவியாகி மேலே ஏறி, மேலிருக்கும் துகள்கள்மேல் மறுபடி உறைகிறது. அப்படி வளரும் துகள்கள் உருண்டையாக இருக்காது. முனையும் மூலையுமாகக் கோணலாக வளரும். ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளாது. கையில் அள்ளினால் ஜீனியைப்போல் விரலிடுக்கில் வழிந்துவிடும். ஆகவே, பனி குறைவாக விழுந்த ஆண்டில் ஆபத்தும் குறைவு என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பருவத் தொடக்கத்தில் கொஞ்சமாய் விழுந்து, பிறகு வாரக்கணக்கில் வறண்டு கிடந்த மலைமேல், திடீரென்று ஒரு பெரும்புயல் அடித்தால், மோசமான அடித்தளத்தின்மேல் கனமான கூரை ஏறிவிட்டது என்று அர்த்தம்.

2024 ஜனவரியில் குல்மர்க் பனியில்லாமல் பழுப்பாகக் கிடந்த படங்களைச் செய்தித்தாளில் பார்த்திருப்பீர்கள். பிப்ரவரியில் பனி வந்தது. அந்த மாதத்தின் மூன்றாவது வாரத்தில் காஷ்மீர் மலைகளில் பலத்த பனிப்பொழிவு. 22ஆம் தேதி, பனிச்சறுக்குக்கு வந்த ரஷ்யர் ஒருவர் அங்கே பனிச்சரிவில் இறந்தார். உடன் இருந்தவர்கள் மீட்கப்பட்டார்கள். அதற்கு முந்தைய ஆண்டு, 2023 பிப்ரவரி 1 அன்று, குல்மர்கை ஒட்டிய அஃபர்வட் மலையில் போலந்து நாட்டவர் இருவர். 2010 பிப்ரவரி 8 அன்று பக்கத்திலுள்ள கிலன்மர்கில், உயர்மலைப் போர்ப் பள்ளியில் பயிற்சியில் இருந்த ராணுவத்தினர் பதினேழு பேர். எல்லாமே ஒரே மலைத்தொடரின் மடியில் நடந்தவை. குல்மர்கில் கம்பிவட ஊர்தி ஏறத்தாழ 3,950 மீட்டர் உயரத்தில் இறக்கிவிடுகிறது. இறங்கியதும் கைக்கெட்டும் தூரத்தில், பனிச்சறுக்குக் காவலர்கள் கண்காணிக்கும் எல்லைக்கு வெளியே உள்ள சரிவுகள். உழைத்து ஏறாமலே அத்தனை உயரத்துக்குப் போய்விட முடிவதால், மலையைக் கவனிக்கும் அவகாசம் மனிதனுக்குக் கிடைப்பதில்லை. ஏறும் வழியில்தானே மலை தன்னைக் காட்டும்?

இனி, புயல் ஓய்ந்த மறுநாள் மலையை எப்படிப் படிப்பது என்று பார்ப்போம்.

முதல் படிப்பு மலையில் அல்ல, அறையில். எவ்வளவு விழுந்தது என்பதைவிட எவ்வளவு வேகமாக விழுந்தது என்பது முக்கியம். ஒரு நாளில் முப்பது சென்டிமீட்டருக்கு மேல் விழுந்திருந்தால் எச்சரிக்கை மணி அடிக்க வேண்டும். மணிக்கு இரண்டு மூன்று சென்டிமீட்டர் வீதம் தொடர்ந்து கொட்டியிருந்தால் இன்னும் பலமாக அடிக்க வேண்டும். மெதுவாக ஏறும் பாரத்துக்குப் பனி கொஞ்சம் கொஞ்சமாய் இறுகிப் பழகிக்கொள்ளும். சட்டென்று ஏறும் பாரத்துக்குப் பழக நேரமில்லை. அடுத்தது, புயல் குளிராகத் தொடங்கி வெப்பமாக முடிந்ததா, வெப்பமாகத் தொடங்கிக் குளிராக முடிந்ததா? குளிராகத் தொடங்கியிருந்தால் கீழே லேசான பனி, மேலே கனமான பனி. அது தலைகீழ்க் கட்டடம். வெப்பமாகத் தொடங்கிக் குளிரில் முடிந்த புயலே நல்லது.

அடுத்து காற்று. வாடை எப்போது திரும்பும், கொண்டல் எப்போது எழும் என்று வானத்தைப் பார்த்தே சொல்லும் உங்களுக்கு இது எளிதில் புரியும். மலையில் காற்று, முகடு தாண்டும்போது முன்பக்கத்துப் பனியைச் சுரண்டி எடுத்துப் பின்பக்கத்தில், காற்று படாத மறைவில், கொட்டிவிடும். வானத்திலிருந்து விழுவதைவிடப் பத்து மடங்கு வேகத்தில்கூட இப்படிக் குவியும். ஆகவே வானிலை அறிக்கையில் இருபது சென்டிமீட்டர் என்று எழுதியிருக்கும். முகட்டின் மறைவுச் சரிவில் ஒன்றரை மீட்டர் கிடக்கும். அதுவும் காற்றில் அடிபட்டு உடைந்து இறுகிய துகள்கள், பலகையாவதற்கென்றே ஆனவை. முகட்டில் நீட்டிக்கொண்டிருக்கும் பனித் தாழ்வாரம் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று பார்த்தால் காற்று எந்தப் பக்கம் பனியைக் கொட்டியது என்று தெரிந்துவிடும்.

பிறகு சரிவின் கோணம். பலகைச் சரிவுகள் பெரும்பாலும் முப்பது முதல் நாற்பத்தைந்து டிகிரி வரையுள்ள சரிவுகளில் உண்டாகின்றன. அதற்கு மேல் செங்குத்தானால் பனி தங்காமல் அவ்வப்போது உதிர்ந்துவிடும். முப்பதுக்குக் கீழே போனால் வழுக்கிவருவது அரிது. இந்தப் பேச்சில் ஒன்றை மட்டும் நினைவில் வைக்க இடமுண்டு என்றால் இந்த முப்பதை வையுங்கள். பனி அடுக்கு ஊகம், வானிலை ஊகம். கோணம் மட்டும் ஊகம் அல்ல. கைப்பேசியில் அளக்கலாம், வரைபடத்தில் பார்க்கலாம், அது நேற்றும் இன்றும் மாறாது. புயலுக்கு அடுத்த ஒன்றிரண்டு நாட்கள் முப்பது டிகிரிக்குக் குறைந்த சரிவிலேயே நடப்பது என்று முடிவு செய்துவிட்டால் மற்றக் கணக்குகள் தப்பினாலும் உயிர் தப்பும். ஒரு நிபந்தனை உண்டு: நீங்கள் நடக்கும் சமதரைக்கு மேலே செங்குத்துச் சரிவு தொங்கிக்கொண்டிருக்கக் கூடாது. கீழே சமவெளியில் நின்றுகொண்டே மேலே உள்ளதை அறுத்துவிட முடியும்.

நடக்கத் தொடங்கிய பிறகு மலை மூன்று வழிகளில் நேரடியாகவே பேசும். பக்கத்து மலையில், அதே திசை நோக்கிய சரிவில், புதிதாகப் பனி சரிந்த தழும்பு தெரிகிறதா? உங்கள் காலடியிலிருந்து பனியில் விரிசல் கோடு ஓடுகிறதா? அடியில் ‘வும்ப்’ என்று ஒரு அமுங்கிய ஓசையோடு தரையே இறங்கியதுபோல் உணர்கிறீர்களா? பலவீன அடுக்கு உங்கள் காலடியில் நசுங்கிய சத்தம் அது. நீங்கள் நின்ற இடம் சமதரையாக இருந்ததால்தான் உயிரோடு இருக்கிறீர்கள். இம்மூன்றில் ஒன்று கண்டால் போதும், குழி தோண்டிச் சோதிக்க வேண்டியதே இல்லை. திரும்பிவிட வேண்டும்.

இவை எதுவும் தெரியவில்லை என்றால் குழி. பாதுகாப்பான, ஆனால் போகவிருக்கும் சரிவுக்கு ஒத்த இடத்தில் ஒரு மீட்டருக்கு மேல் ஆழமாய்த் தோண்டி, ஒரு பக்கச் சுவரை வழவழப்பாக வெட்டிக்கொள்வார்கள். முதலில் கையாலேயே அடுக்குகளின் இறுக்கத்தைப் பார்ப்பது: முஷ்டி புகுகிறதா, நான்கு விரல் புகுகிறதா, ஒரு விரல்தானா, பென்சில்தானா, கத்திதானா. கத்தி மட்டுமே புகும் அடுக்குக்குக் கீழே முஷ்டி புகும் அடுக்கு இருந்தால் அது கெட்ட செய்தி. அடுத்து, முப்பது சென்டிமீட்டர் அகலமும் தொண்ணூறு சென்டிமீட்டர் நீளமும் உள்ள பனித்தூண் ஒன்றை அறுத்துத் தனியாக்கி, ஒரு முனையில் மண்வெட்டித் தகட்டை வைத்து, மணிக்கட்டிலிருந்து பத்துத் தட்டு, முழங்கையிலிருந்து பத்துத் தட்டு, தோளிலிருந்து பத்துத் தட்டு தட்டுவார்கள். தட்டிய முனையில் மட்டும் உடைந்தால் ஒரு பொருள். விரிசல் தொண்ணூறு சென்டிமீட்டரையும் கடந்து மறுமுனைக்கு ஓடினால் வேறு பொருள். ஓடினால், சரிவிலும் ஓடக்கூடும். 2006 வாக்கில் ரான் சிமென்ஹாய்ஸ், கார்ல் பர்க்லண்ட் என்ற இருவர் வகுத்த இந்த முறையை இன்று உலகமெங்கும் பயன்படுத்துகிறார்கள்.

குழியைப் பற்றி ஒன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன், பலர் தடுமாறும் இடம் இது. குழி தோண்டிய இடத்தைப் பற்றி மட்டுமே குழி பேசும். பத்தடி தள்ளி, ஒரு பாறைக்குப் பக்கத்தில், பனி மெலிந்த இடத்தில், அடுக்கு வேறாக இருக்கலாம். எனவே சோதனை மோசமாக வந்தால் அதை நம்புங்கள். நன்றாக வந்தால் அதை வைத்து அனுமதி எழுதிக்கொள்ளாதீர்கள். ‘போகாதே’ என்று சொல்லும் தகுதிதான் குழிக்கு உண்டு. ‘போ’ என்று சொல்லும் தகுதி அதற்குக் கிடையாது.

பனிச்சரிவு அபாயத்தை உலகில் ஐந்து படிகளாகச் சொல்வது வழக்கம். ஐரோப்பாவில் 1993 முதல் இது பொது அளவுகோல். ஆட்கள் அதிகம் இறப்பது ஐந்தாம் படியிலா? இல்லை, மூன்றாம் படியில். துறைமுகத்தில் பத்தாம் எண் கூண்டு ஏற்றிய நாளில் நீங்கள் படகைத் தள்ளுவதில்லை. மூன்றாம் எண் ஏற்றிய நாளில்தான் ‘போய்ப் பார்ப்போமே’ என்ற பேச்சு கரையில் எழும். அங்கேயும் அப்படித்தான். இயன் மெக்கமன் என்ற ஆய்வாளர் எழுநூறுக்கும் மேற்பட்ட அமெரிக்க விபத்துகளைத் துருவிப் பார்த்தார். இறந்தவர்களில் பயிற்சி பெற்றவர்கள் நிறைய. பழகிய சரிவு, முன்னே போனவர் விட்ட தடம், குழுத்தலைவர்மேல் உள்ள மரியாதை, இன்று விட்டால் நாளை கிடைக்காது என்ற தவிப்பு, இவை அவர்கள் கற்றதை மறைத்துவிட்டன. ‘அண்ணே, எனக்குச் சரியாகப் படவில்லை’ என்று குழுவில் இளையவர் சொன்னால் எல்லோரும் நிற்க வேண்டும், காரணம் கேட்டு அவரைக் கூசவைக்கக் கூடாது. நான் மதிக்கும் எல்லா வழிகாட்டிகளிடமும் இந்தப் பழக்கம் இருக்கிறது.

நம் நாட்டில் இந்த அறிவு இல்லாமல் இல்லை. 1969இல் மணாலியில் பாதுகாப்பு ஆராய்ச்சித் துறையின்கீழ் பனி, பனிச்சரிவு ஆய்வுக்கென்றே ஒரு நிறுவனம் தொடங்கினார்கள். 2020இல் அது வேறோர் ஆய்வகத்தோடு இணைந்து, இன்று சண்டிகரிலிருந்து மாவட்டவாரியாக எச்சரிக்கை வெளியிடுகிறது. 2025 பிப்ரவரி 27 மாலை, உத்தராகண்டின் சமோலி உட்படப் பல மாவட்டங்களுக்கு, 2,400 மீட்டருக்கு மேலுள்ள பகுதிகளில் இருபத்து நான்கு மணி நேரத்துக்குப் பனிச்சரிவு எச்சரிக்கை விடப்பட்டது. மறுநாள் 28ஆம் தேதி காலை, அதே சமோலியில், பத்ரிநாத்துக்கு அப்பால் மாணா கிராமத்தருகே, எல்லைச் சாலைத் தொழிலாளர் முகாமின்மேல் பனி இறங்கியது. அங்கே இருந்த ஐம்பத்து நான்கு பேரில் எட்டுப் பேர் இறந்தார்கள். முன்தின மாலையே எச்சரிக்கை எழுதப்பட்டிருந்தது. தொழிலாளர்கள் அந்த இரவை அதே முகாமில் கழித்தார்கள். இந்த இரண்டு வரிகளுக்கு நடுவே உள்ள இடைவெளி என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது.

அந்த இடைவெளியை அடைத்துக் காட்டிய ஊர் இது. அதனால்தான் இதை இங்கே வந்து பேச விரும்பினேன். வில்லியனூரை மையமாக வைத்து எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998 முதல் கிராம அறிவு மையங்களை நடத்தியது. அலை உயரக் கணிப்பை அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்திலிருந்து எடுத்து, இங்கே கரையில் ஒலிபெருக்கியில் தமிழில் சொன்னார்கள். 2004 டிசம்பர் 26 அன்று சிங்கப்பூரில் இருந்த உங்கள் ஊர்ப் பிள்ளை ஒருவர் ஆழிப்பேரலைச் செய்தி அறிந்து வீட்டுக்குத் தொலைபேசியில் சொல்ல, பூட்டியிருந்த மையத்தின் கதவை உடைத்து, அதே ஒலிபெருக்கியில் ஊரையே கிளப்பினீர்கள். சுமார் 3,600 பேர் தப்பினார்கள். வீடுகள் போயின, படகுகள் போயின. அன்று இந்த ஊரில் எல்லோருக்கும் கடலியல் தெரிந்திருக்கவில்லை. தினமும் கேட்டுப் பழகிய குரல் வழியே செய்தி வந்தது. வந்ததும் யாரிடமும் அனுமதி கேட்காமல் ஓடும் உரிமை உங்களுக்கு இருந்தது. மாணாவின் கூலித்தொழிலாளிக்கு எழுந்து போகும் உரிமை எந்த ஒப்பந்தத்தில் எழுதியிருக்கிறது? வேலையை நிறுத்தி, ஊதியத்தைப் பிடிக்காமல், முகாமையே கீழே இறக்கும் அதிகாரம் அங்கே யாருக்கு, எத்தனை மணிக்குள்? பனிக்குழி தோண்டுவதைவிட இதை எழுதிவைப்பது கடினம். ஆனால் இது இல்லாமல் மற்றதெல்லாம் காகிதம்.

கடைசியாக, குளிர்கால மலையேற்றத்துக்குப் பணம் சேர்த்து வைத்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு. பனிக்குள் புதைந்தவரை மேலே இருப்பவர்கள் தாங்களே எடுத்தாக வேண்டும். முதல் பத்து, பதினைந்து நிமிடங்களுக்குள் எடுத்தால் பெரும்பாலோர் பிழைக்கிறார்கள். அரை மணி ஆனால் பெரும்பாலோர் பிழைப்பதில்லை. மீட்புப் படையோ ஹெலிகாப்டரோ அதற்குள் வர வாய்ப்பில்லை. அதனால் ஒவ்வொருவர் உடம்பிலும் 457 கிலோஹெர்ட்ஸில் இயங்கும் தேடுகருவி, பையில் நீளக் குத்துக்கம்பி, உலோக மண்வெட்டி. மூன்றும் வேண்டும், ஒன்று இல்லாவிட்டால் மற்ற இரண்டும் வீண். கூட்டிப்போகும் நிறுவனத்திடம் முன்பணம் கட்டுவதற்கு முன்னால் கேளுங்கள்: பாதையில் முப்பது டிகிரிக்கு மேற்பட்ட சரிவு எங்கெங்கே இருக்கிறது? அதற்குக் கீழே கூடாரம் போடுவீர்களா? சண்டிகர் எச்சரிக்கையைத் தினமும் யார் பார்க்கிறார்? தேடுகருவி ஆளுக்கு ஒன்று உண்டா, வழிகாட்டிக்கு மட்டுமா? புயல் அடித்தால் பயணத்திட்டத்தில் காத்திருக்க எத்தனை நாள் ஒதுக்கியிருக்கிறீர்கள்? பாதியில் திரும்பினால் பணம் என்னாகும்? காத்திருக்க ஒரு நாள்கூட ஒதுக்காத திட்டத்தில், புயல் ஓய்ந்த மறுநாளே உங்களை ஏற்றித்தான் தீருவார்கள். அப்படிப்பட்ட திட்டத்துக்குப் பெயர் கொடுக்காதீர்கள்.